நஞ்சுக்கொடியும் தாயின் நோயெதிர்ப்பு மண்டலமும்: ஓர் எளிய அறிமுகம்

பிள்ளை தன் தாய்க்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தால், மருத்துவர்கள் முதலில் இருவருடைய இரத்த வகையையும் திசு வகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருத்தம் நன்றாகவே இருந்தாலும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் தாய் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை உட்கொண்டாக வேண்டும். நிறுத்தினால் அவருடைய வெள்ளையணுக்கள் அதை அயல்பொருளாகக் கருதி அழிக்கத் தொடங்கிவிடும். பிள்ளையின் மரபணுக்களில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை என்பதே இதற்குக் காரணம். ஆனால் அதே பிள்ளை, அதே தந்தைவழிப் பாதியோடு, அதே தாயின் வயிற்றில் ஒன்பது மாதம் எந்த மருந்தின் துணையும் இல்லாமல் வளர்ந்திருக்கிறது.

இந்த முரணை 1953-ஆம் ஆண்டில் தெளிவான அறிவியல் கேள்வியாக எடுத்து வைத்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார். ஒட்டப்பட்ட திசுவை உடல் ஏற்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பதைக் காட்டிய ஆய்வுகளுக்காக 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். கருவைத் தாயின் உடல் தாக்காமல் இருப்பதற்கு அவர் மூன்று விளக்கங்களை முன்வைத்தார்: தாயும் கருவும் உடற்கூற்றில் முற்றிலும் பிரிக்கப்பட்டிருக்கலாம்; கரு முதிராத நிலையில் இருப்பதால் தன் அயல் அடையாளங்களை இன்னும் வெளிக்காட்டாமல் இருக்கலாம்; அல்லது தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தக் காலத்தில் செயலற்றிருக்கலாம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது, கேள்வி மிகச் சரியானது, விடைகள் மூன்றும் போதாதவை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே செல்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் கடந்து போகின்றன. கருவைச் சேர்ந்த சில செல்கள் தந்தைவழி அடையாளத்தைத் தாயின் திசுவுக்கு உள்ளேயே ஏந்தி நிற்கின்றன. கர்ப்பிணிகளோ தடுப்பூசிக்கு நன்றாக எதிர்வினை காட்டுகிறார்கள், பெரும்பாலான தொற்றுகளை வழக்கம்போல் வெல்கிறார்கள்.

ஆகவே, கர்ப்ப காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்று நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது. உண்மையில் நடப்பது, நஞ்சுக்கொடி தாயின் வெள்ளையணுக்களில் ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு செய்தியை அனுப்புவதும், அந்த வெள்ளையணுக்கள் அதற்கேற்பத் தம் போக்கை மாற்றிக்கொள்வதும் ஆகும். சிலவற்றை அது அமைதிப்படுத்துகிறது. சிலவற்றை நெருங்கவிடாமல் செய்கிறது. வேறு சிலவற்றைத் தூண்டிவிட்டு வேலையும் வாங்குகிறது. இந்தக் கடைசிச் செயல்தான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

சந்திக்கும் இடங்கள் இரண்டு

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் மிகப் பெரும்பகுதி கருவிலிருந்தே உருவாகிறது. கருவுற்று ஐந்து அல்லது ஆறு நாட்களில் கரு ஓர் உள்ளீடற்ற பந்துபோல் இருக்கும்போதே, அதன் வெளிப்புறச் செல்கள் தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ட்ரோபோபிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்களே பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளர்பவை. பிரசவத்தின்போது ஏறத்தாழ அரைக் கிலோ எடையுடன் வெளிவரும் அந்த உறுப்பு, மரபணு அடிப்படையில் குழந்தையைச் சேர்ந்தது. எனவே தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் நேருக்கு நேர் சந்திப்பது குழந்தையின் உடலை அன்று, இந்த நஞ்சுக்கொடியைத்தான்.

அந்தச் சந்திப்பு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. இரண்டும் தன்மையில் வேறுபட்டவை என்பதால் அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது இடம் இரத்தம். நஞ்சுக்கொடியிலிருந்து மரக்கிளைகளைப்போல் கிளைத்து நீளும் நுண்ணிய குஞ்சங்கள் தாயின் இரத்தத்தில் நேரடியாக மூழ்கியிருக்கின்றன. குஞ்சங்களுக்குள் குழந்தையின் இரத்தக் குழாய்கள் உள்ளன. வெளியே தாயின் இரத்தம் ஓடுகிறது. இரண்டு இரத்தமும் கலப்பதில்லை. கர்ப்பத்தின் இறுதியில் இந்தக் குஞ்சங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய அறையின் தரையளவு. தாயின் இரத்தத்திலுள்ள அத்தனை வெள்ளையணுக்களும் இந்தப் பரப்பை உரசியபடிதான் போய்வருகின்றன.

இரண்டாவது இடம் கருப்பையின் உட்படலம். கருவுற்ற பிறகு இது தடித்து, உருமாறி, டெசிடுவா என்ற பெயரைப் பெறுகிறது. நஞ்சுக்கொடியின் சில செல்கள் குஞ்சங்களின் நுனியிலிருந்து விடுபட்டு இந்தப் படலத்துக்குள் ஊடுருவி, தாயின் இரத்தக் குழாய்களைத் தேடிச் செல்கின்றன. இவற்றை இந்தக் கட்டுரையில் ஊடுருவும் செல்கள் என்று அழைப்போம். முதல் இடத்தில் நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் நனைகிறது. இரண்டாவது இடத்தில் அது தாயின் சதைக்குள்ளேயே நுழைகிறது. இரண்டு இடங்களிலும் அது ஒரே உத்தியைக் கையாள்வதில்லை.

அடையாளம் காட்டாத போர்வை

உத்திகளைப் புரிந்துகொள்ள, எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தம் மேற்பரப்பில் இந்தப் புரதங்களை ஓர் அடையாள அட்டையைப்போல் தாங்கி நிற்கின்றன. அட்டை ஆளுக்கு ஆள் வேறுபடும். டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் இதைச் சோதித்து, அயலாரின் அட்டையைக் கண்டால் தாக்கும். மாற்று உறுப்புகள் நிராகரிக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. இயற்கைக் கொல்லிச் செல்கள் என்ற மற்றொரு வகை உண்டு. அவை இதற்கு நேர் எதிராக, அட்டையே இல்லாத செல்லைக் கண்டால் சந்தேகப்படும். சில வைரஸ்களும் புற்றுநோய்ச் செல்களும் டி செல்களிடமிருந்து தப்ப அட்டையை மறைத்துவிடுவதுண்டு என்பதால் இந்த இரண்டாவது காவல் தேவைப்படுகிறது.

தாயின் இரத்தத்தில் நனையும் குஞ்சங்களின் வெளிப்புறத்தில் ஒரு விந்தையான போர்வை இருக்கிறது. இலட்சக்கணக்கான செல்கள் தமக்கிடையிலான சுவர்களை இழந்து ஒன்றாக உருகி, எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே தொடர்ச்சியான செல்லாக மாறியதே அது. சின்சிடியோட்ரோபோபிளாஸ்ட் என்பது அதன் பெயர். செல்களுக்கு இடையே இடுக்கு இருந்தால்தானே வெள்ளையணுக்களோ கிருமிகளோ அதன் வழியே நுழைய முடியும்? இங்கே இடுக்கே இல்லை. செல்களை இப்படி உருக வைப்பது சின்சிட்டின் என்ற புரதம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இந்தப் புரதத்தின் பூர்வீகத்தைக் காட்டியபோது பலரும் திகைத்தார்கள். இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் மூதாதையரின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் உறைப் புரதமே அது. தன்னைச் செல்லோடு இணைத்துக்கொள்ள அந்த வைரஸ் பயன்படுத்திய கருவியை நஞ்சுக்கொடி தன் செல்களை ஒன்றோடொன்று இணைக்கப் பயன்படுத்துகிறது.

இந்தப் போர்வை எச்.எல்.ஏ. அட்டை எதையும் காட்டுவதில்லை. எனவே இரத்தத்தில் மிதக்கும் டி செல்களுக்குப் படிப்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை. அட்டை இல்லாததால் இயற்கைக் கொல்லிச் செல்கள் பாய்ந்துவிடாதா என்ற கேள்வி எழுவது நியாயமே. அதற்கும் ஏற்பாடு உள்ளது. போர்வையிலிருந்து எக்சோசோம் எனப்படும் மிக நுண்ணிய பைகள் ஓயாமல் உதிர்ந்து தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. கொல்லிச் செல்கள் தாக்குதலைத் தொடங்குவதற்குப் பயன்படுத்தும் ஓர் ஏற்பியோடு (செய்தியைப் பெறும் மேற்பரப்புப் புரதத்தோடு) ஒட்டிக்கொள்ளும் புரதங்களை இந்தப் பைகள் சுமந்து செல்கின்றன. அவை ஒட்டிக்கொண்டதும் அந்த ஏற்பி மங்கிப் போகிறது. இதே நுண்பைகளில் நுண் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கின்றன. மனிதரிலும் குரங்கினங்களிலும் மட்டுமே காணப்படும் ஒரு தொகுதியைச் சேர்ந்த இந்தத் துணுக்குகள் மற்றச் செல்களுக்குள் சென்று வைரஸ்களை எதிர்க்கும் ஆற்றலைக் கூட்டுவதாக 2013-இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆக, நஞ்சுக்கொடி தாக்குதலைத் தணிக்கும் செய்தியையும் காவலைக் கூட்டும் செய்தியையும் ஒரே உறைக்குள் வைத்து அனுப்புகிறது.

கருப்பையின் கொல்லிச் செல்கள்

இனி இரண்டாவது இடத்துக்கு வருவோம். என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டெசிடுவாவிலுள்ள வெள்ளையணுக்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கைக் கொல்லிச் செல்களாகவே இருக்கின்றன. பெயரைக் கேட்டால் அச்சம் வரும். அயல் செல்கள் ஊடுருவும் இடத்தில் கொலையாளிகளை ஏன் குவித்து வைக்க வேண்டும்? ஆனால் கருப்பையிலுள்ள இந்தச் செல்கள் இரத்தத்திலுள்ள தம் உறவினரைப்போல் நடந்துகொள்வதில்லை. கொல்லும் கருவிகள் அவற்றிடமும் உண்டு, எனினும் அவை அவற்றை அரிதாகவே பயன்படுத்துகின்றன. மாறாக, இரத்தக் குழாய்களை வளர்க்கவும் மாற்றியமைக்கவும் உதவும் புரதங்களை அவை ஏராளமாகச் சுரக்கின்றன.

அந்த மாற்றியமைப்பு மிகவும் இன்றியமையாதது. கருப்பைச் சுவரில் சுருள் தமனிகள் எனப்படும் மெல்லிய குழாய்கள் உள்ளன. அவற்றின் சுவரில் தசை இருப்பதால் அவை சுருங்கவும் விரியவும் கூடியவை. வளரும் குழந்தைக்கு இப்படி மனம்போல் சுருங்கும் குழாய்கள் உதவா. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் மெதுவாக, தடையின்றி வந்து சேர வேண்டும். ஊடுருவும் செல்கள் இந்தத் தமனிகளை அடைந்து, அவற்றின் தசையை அகற்றி, வாயை அகலப்படுத்தி, அவற்றை விரிந்த புனல்களாக மாற்றிவிடுகின்றன. இந்தப் பணியில் கொல்லிச் செல்கள் முன்னோடிகளாகச் சென்று குழாயின் சுவரைத் தளர்த்துகின்றன. கொல்லிச் செல்கள் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில் சுருள் தமனிகள் சரியாக விரிவடையாமல் தடித்தே இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஊடுருவும் செல்கள் கொல்லிச் செல்களோடு உரையாடும் முறையும் தனித்தன்மை கொண்டது. அவை போர்வையைப்போல் அட்டையை முற்றிலும் மறைப்பதில்லை. ஒட்டு நிராகரிப்பில் பெரும்பங்கு வகிக்கும் எச்.எல்.ஏ. ஏ, எச்.எல்.ஏ. பி ஆகிய இரண்டையும் அவை காட்டுவதில்லை, ஆனால் எச்.எல்.ஏ. சி, எச்.எல்.ஏ. ஈ, எச்.எல்.ஏ. ஜி என்ற மூன்றைக் காட்டுகின்றன. இவற்றுள் ஈ, ஜி ஆகியவை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஆகவே அவை "யாருடைய செல்" என்பதைச் சொல்வதில்லை. "இது நஞ்சுக்கொடியின் செல்" என்பதை மட்டுமே அறிவிக்கின்றன. குறிப்பாக எச்.எல்.ஏ. ஜி நலமான உடலில் நஞ்சுக்கொடியைத் தவிர மிகச் சில இடங்களிலேயே காணப்படும். இவ்விரண்டும் வெள்ளையணுக்களின் தடுப்பு ஏற்பிகளோடு இணைந்து தாக்குதலை அடக்குகின்றன.

எச்.எல்.ஏ. சி அப்படிப்பட்டதன்று. அது ஆளுக்கு ஆள் மாறுபடுவது, தந்தையின் வகையும் அதில் வெளிப்படும். கருப்பையின் கொல்லிச் செல்களிடம் இதைப் படிப்பதற்கென்றே கே.ஐ.ஆர். என்ற ஏற்பிக் குடும்பம் இருக்கிறது; அதுவும் பெண்ணுக்குப் பெண் மாறுபடும். இந்தக் குடும்பத்தில் சில உறுப்பினர்கள் கொல்லிச் செல்லை அடக்குபவை, சில தூண்டுபவை. தாய்க்கு எந்த வகை, குழந்தைக்கு எந்த வகை என்பதைப் பொறுத்து, அடக்கும் செய்தி மேலோங்கலாம் அல்லது தூண்டும் செய்தி மேலோங்கலாம்.

அடக்கும் செய்தி மேலோங்கினால் குழந்தைக்கு நல்லது என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி மாஃபெட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. அடக்கும் கே.ஐ.ஆர். வகையை மட்டும் பெற்ற தாயும், அதை வலுவாக இயக்கும் எச்.எல்.ஏ. சி வகையைப் பெற்ற குழந்தையும் சேரும்போது, முன்சூல்வலிப்பு என்ற ஆபத்தான நிலை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. பின்னர் நடந்த ஆய்வுகள், தூண்டும் ஏற்பி உள்ள தாய்மார்களுக்கு அதே வகைக் குழந்தை பிறக்கும்போது அதன் எடை சற்றுக் கூடுவதையும் காட்டின. அதாவது, கொல்லிச் செல்களை அளவுக்கு மேல் அடக்கிவிட்டால் அவை செய்ய வேண்டிய கட்டுமான வேலையும் நின்றுபோகிறது. நஞ்சுக்கொடிக்குத் தேவைப்படுவது சரியான அளவில் விழிப்போடு இருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம். கர்ப்பம் என்றால் எதிர்ப்பை அடக்கி வைப்பது என்ற பழைய எண்ணத்தை இதைவிடத் தெளிவாக மறுக்கும் சான்று வேறு இல்லை என்றே கருதுகிறேன்.

முன்சூல்வலிப்பு என்பது கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவது உள்ளிட்ட பாதிப்புகள் தோன்றும் நிலை. உலகெங்கும் 2 முதல் 8 விழுக்காடு கர்ப்பங்களில் ஏற்படுகிறது. சுருள் தமனிகள் போதிய அளவு விரியாதபோது நஞ்சுக்கொடிக்கு இரத்தம் சீராகக் கிடைப்பதில்லை. இன்னலுக்குள்ளான நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது. அது இரத்தக் குழாய்களின் நலனுக்குத் தேவையான காரணிகளைப் பிடித்து முடக்கிவிடுவதால் தாயின் உடல் முழுவதிலுமுள்ள குழாய்கள் பாதிப்படைகின்றன. இந்தப் புரதத்தின் பங்கை 2003-இல் பாஸ்டனில் வெளிக்கொணர்ந்த குழுவை வழிநடத்திய ஆனந்த் கருமஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று இந்தப் புரதத்தின் அளவைக் கொண்டு நோயை முன்கூட்டி மதிப்பிடும் பரிசோதனைகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

டி செல்களை நெருங்கவிடாமல்

டி செல்கள் விஷயத்தில் நஞ்சுக்கொடியும் டெசிடுவாவும் சேர்ந்து பல அடுக்குத் தடைகளை வைத்திருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி எலிகளில் கண்டறியப்பட்டது என்பதையும், மனித நஞ்சுக்கொடி எலியினுடையதைவிட ஆழமாக ஊடுருவுவது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதல் தடை அழைப்பை நிறுத்துவது. வழக்கமாக ஒரு திசுவில் அழற்சி ஏற்பட்டால், அங்குள்ள செல்கள் கீமோகைன் எனப்படும் வேதிப்பொருள்களைச் சுரந்து டி செல்களை வரவழைக்கும். 2012-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் டெசிடுவாவிலுள்ள அடித்தளச் செல்களில் இந்தக் கீமோகைன்களுக்குரிய மரபணுக்களே மூடி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். தாக்கும் டி செல்கள் உடலில் இருந்தாலும் அவற்றுக்கு அந்த இடத்துக்கு வரும்படி அழைப்பு போவதில்லை. இரண்டாவது தடை பட்டினி. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இல்லாமல் டி செல்களால் பெருக முடியாது. நஞ்சுக்கொடிப் பகுதியில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. 1998-இல் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது, தந்தைவழியில் வேறுபட்ட கருக்கள் டி செல்களின் தாக்குதலால் கலைந்தன. தாயை முற்றிலும் ஒத்த கருக்கள் பிழைத்தன.

மூன்றாவது தடை, டி செல்களைக் கொண்டே டி செல்களை அடக்குவது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற ஒரு வகை, மற்ற டி செல்களின் வேகத்தைத் தணிப்பதையே தொழிலாகக் கொண்டது. கர்ப்பத்தின்போது இவற்றின் எண்ணிக்கை பெருகுவதையும், இவற்றை நீக்கிவிட்டால் எலிகளில் அயல் கருக்கள் நிராகரிக்கப்படுவதையும் 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் கோடாகத் தெரியும் எச்.சி.ஜி. ஹார்மோனும், கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்ட்டிரானும் இவற்றை ஈர்க்கவும் அழற்சியைத் தணிக்கவும் துணைசெய்கின்றன.

ஒன்பது மாதமும் ஒரே நிலை இல்லை

இந்த உரையாடலின் தொனி மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கரு கருப்பையில் பதியும் முதல் வாரங்களில் அங்கே மிதமான அழற்சி நிலவுகிறது. திசுவைப் பிளந்து, மாற்றி, ஒட்டிக்கொள்ள அது உதவுகிறது. பலருக்கு அப்போது தோன்றும் குமட்டலும் சோர்வும் பெரும்பாலும் ஹார்மோன்களின் விளைவுகள். ஆனால் கருப்பைக்குள் உண்மையாகவே ஒரு கட்டுமானக் காலத்துப் பரபரப்பு இருக்கத்தான் செய்கிறது. அடுத்து வரும் நீண்ட நடுப்பகுதியில் அழற்சி அடங்கி, கரு வளர்கிறது. பிரசவம் நெருங்கும்போது அழற்சி மீண்டும் எழுகிறது: வெள்ளையணுக்கள் கருப்பைத் தசைக்குள்ளும் கருப்பை வாய்க்குள்ளும் நுழைய, அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் வாயை இளக்கி, தசையைச் சுருங்கத் தூண்டுகின்றன. தொற்று ஏற்பட்டால் இந்த மூன்றாம் கட்டம் காலத்துக்கு முன்பே தொடங்கிவிடக்கூடும். குறைப்பிரசவத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரிசைக்குப் பரிணாம வரலாறும் உண்டு. வயிற்றில் குட்டியைச் சில நாட்களே தாங்கி, பிறகு பையில் வளர்க்கும் ஓபோசம் போன்ற விலங்குகளில், கரு கருப்பையைத் தொட்டதும் எழும் அழற்சி நேராகப் பிரசவத்தில் போய் முடிகிறது. நம்மைப்போன்ற பாலூட்டிகளின் முன்னோர்களில், அந்தத் தொடக்க அழற்சியையும் பிரசவ அழற்சியையும் பிரித்து, இடையே ஓர் அமைதிக்காலம் நுழைக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நீண்ட கர்ப்பம் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் கர்ப்பிணிகளின் இரத்தத்தை வெவ்வேறு மாதங்களில் எடுத்து, வெள்ளையணுக்களின் நிலையைக் கொண்டே கர்ப்பத்தின் வயதைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். அந்த அளவுக்கு மாற்றங்கள் ஒழுங்கான கால அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அவை கருப்பையோடு நின்றுவிடுவதில்லை என்பதை நோய்களும் காட்டுகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பத்தின்போது மூட்டுவலி குறைகிறது, பிரசவத்துக்குப் பின் பலருக்கு அது மீண்டும் மிகுகிறது. எதிர்த்திசையில், இன்ஃபுளுவென்சா கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. தெற்காசியாவில் அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறிவிடும் மஞ்சள் காமாலையாக இருக்க, கடைசி மூன்று மாதங்களில் உள்ள கர்ப்பிணிகளில் 20 விழுக்காடு அளவுக்குக்கூட உயிரைப் பறித்திருக்கிறது. கர்ப்பிணிக்குக் காய்ச்சி ஆறவைத்த நீர் கொடுப்பதை வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எதிர்ப்பொருள்களின் பயணம்

நஞ்சுக்கொடி தாயின் நோயெதிர்ப்பைச் சமாளிப்பதோடு நிற்காமல் அதன் விளைச்சலைக் குழந்தைக்குக் கொண்டும் சேர்க்கிறது. கிருமிகளைப் பற்றி முடக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். தாயின் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் ஓர் ஏற்பி அதன் போர்வையில் இருக்கிறது. ஏறத்தாழ 13-ஆம் வாரத்தில் தொடங்கும் இந்தக் கடத்தல் கடைசி வாரங்களில் உச்சத்தை எட்டுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவு தாயினுடையதைவிடக் கூடுதலாகக்கூட இருப்பதுண்டு. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று எளிதில் ஏற்படுவதற்கு இந்தக் கடைசிவாரச் சேமிப்பு கிடைக்காமல் போவதும் ஒரு காரணம்.

கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போடுவதன் அடிப்படை இதுவே. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் டி.டி. ஊசி, தாயின் உடலில் டெட்டனஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி.யை உருவாக்குகிறது, நஞ்சுக்கொடி அதைச் சேய்க்குக் கடத்துகிறது. தொப்புள்கொடியை அறுக்கும் இடத்தின் வழியே பச்சிளங்குழந்தைகளுக்கு வந்து ஏராளமான உயிர்களைக் குடித்த அந்த நோய், ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இந்தியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. தூய்மையான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

கடந்து வரும் செல்கள், தங்கிவிடும் நினைவு

கருவின் சில செல்களும் தாயின் இரத்தத்துக்குள் நுழைகின்றன. ஆண் குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில், பிரசவமாகி 27 ஆண்டுகள் கழிந்த பிறகும், ஒய் குரோமோசோம் கொண்ட செல்கள் இருந்ததை 1996-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இவை தாயின் உடலில் நன்மை செய்கின்றனவா தீமை செய்கின்றனவா என்பது பற்றி இருபுறமும் வாதங்கள் நடக்கின்றன.

செல்கள் போகட்டும், நினைவும் தங்குகிறது. முதல் கர்ப்பத்தில் உருவான, கருவின் அடையாளத்துக்கென்றே பழகிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பிரசவத்துக்குப் பின்னும் நிலைத்திருந்து, அடுத்த கர்ப்பத்தில் விரைவாகப் பெருகுவதை 2012-இல் எலி ஆய்வு ஒன்று காட்டியது. பெண்களில் முன்சூல்வலிப்பு முதல் கர்ப்பத்திலேயே அதிகம் காணப்படுவதற்கு இத்தகைய நினைவும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஆனால் நினைவு எப்போதும் நன்மையாகவே அமைவதில்லை. சிவப்பணுக்களில் ரீசஸ் என்ற அடையாளப் புரதம் இல்லாத (ரீசஸ் எதிர்மறை) தாய், அது உள்ள (ரீசஸ் நேர்மறை) குழந்தையைச் சுமக்கும்போது நிகழ்வதை எடுத்துக்கொள்வோம்; இந்தியர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் ரீசஸ் எதிர்மறையினர். நஞ்சுக்கொடியின் போர்வையோ ஊடுருவும் செல்களோ இந்த அடையாளத்தைத் தாயிடம் காட்டிக்கொடுப்பதில்லை. நஞ்சுக்கொடி பிரியும் நேரத்தில் குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கசியும்போதுதான் தாயின் உடல் அவற்றை முதன்முதலாகக் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்குகிறது. அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் அதே எதிர்ப்பொருள் ஐ.ஜி.ஜி. வடிவில் தயாராக இருக்கும். நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையும் குழந்தையின் சிவப்பணுவுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் நஞ்சுக்கொடியின் ஏற்பியால் பிரித்தறிய முடியாது. அது இரண்டையும் ஒரேபோலச் சேய்க்குக் கடத்திவிடும். விளைவாகக் குழந்தையின் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாகலாம். ஏ, பி, ஓ இரத்த வகைகள் பொருந்தாதபோது இந்த அளவுக்குச் சிக்கல் வராததற்கு ஒரு காரணம், அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியைக் கடக்க முடியாத ஐ.ஜி.எம். வகையைச் சேர்ந்தவையாக இருப்பதே.

1968 முதல் பயன்பாட்டில் உள்ள ஆன்டி-டி ஊசி, இந்த நினைவு உருவாவதையே தடுக்கிறது. குழந்தையின் சிவப்பணுக்களைத் தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் கவனிக்கும் முன்பே அது அவற்றை அகற்றிவிடுகிறது. வழக்கமாகக் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தில் ஒரு முறையும், குழந்தை ரீசஸ் நேர்மறை எனத் தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் இதைப் போடுகிறார்கள். கருச்சிதைவு, கருக்கலைப்பு, வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றின்போதும் இரத்தம் கசியக்கூடும் என்பதால் அப்போதும் இந்த ஊசி தேவைப்படலாம். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தால் ஊசியால் பயனில்லை. எனவேதான் முதல் பரிசோதனையிலேயே கர்ப்பிணியின் இரத்த வகையைக் குறித்து வைக்கிறார்கள்.